ரோட்டோரப் புல்லுக்கு ஒரு நிபுணர் எதற்கு?

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் தாவரவியல் முதுகலை முடிக்கும் தறுவாயில் இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: பக்கத்துக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) சாலையோரத் தாவரங்களையும் பழைய பிரெய்ரிப் புல்வெளிகளையும் பராமரிக்க நிபுணர் தேவை என்று விளம்பரம் வந்திருக்கிறது, விண்ணப்பிக்கலாமா? அந்த வேலையில் நாள் முழுக்க என்ன செய்வார்கள்? ஊரில் அப்பாவிடம் சொன்னதற்கு, "ரோட்டோரம் புல்லு வெட்டவா அவ்வளவு தூரம் போய்ப் படிச்சே?" என்று கேட்டுவிட்டாராம். வேலை விவரம் கேட்பதுபோல இருந்தாலும், உங்கள் மனதில் உறுத்துவது வேறொன்று என்று எனக்குப் படுகிறது. படித்த படிப்பு அங்கே பயன்படுமா, இல்லை டிராக்டர் ஓட்டியே பத்து வருடம் போய்விடுமா என்பதுதான் அது.

நான் மேட்டுப்பாளையத்தில் வனவியல் படித்தவன். திருமணத்துக்குப் பின் இங்கே வந்து, மேற்படிப்பு முடித்து, அயோவாவின் வடகிழக்கில் ஒரு கவுண்டியில் இதே வேலையில் 16 ஆண்டுகளாக இருக்கிறேன். ஆகவே நான் சொல்வதெல்லாம் அந்த மண், அந்தச் சாலைகள் சார்ந்தது. மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் லோயஸ் குன்றுகளில் வேலை செய்பவர் இதே கேள்விக்குச் சில இடங்களில் வேறு பதில் சொல்வார். உங்கள் உறுத்தலுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டிராக்டர் ஓட்ட வேண்டியிருக்கும், நிறையவே ஓட்ட வேண்டியிருக்கும். ஆனால் எங்கே ஓட்டுவது, எந்த வாரத்தில் ஓட்டுவது, எந்த இடத்துக்கு டிராக்டரே போகக்கூடாது என்று முடிவு செய்வதற்குத் தாவரவியல் தெரிந்தாக வேண்டும். இந்த வேலையில் சம்பளம் வாங்குவது அந்த முடிவுகளுக்காகத்தான்.

ரோட்டோரப் புல்லுக்கு நிபுணர் எதற்கு என்பது இந்த மாநிலத்தின் கதை தெரிந்தால்தான் புரியும். அயோவாவின் நிலத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஒரு காலத்தில் உயர்புல் பிரெய்ரி. ஆள் உயரத்துக்கு மேல் வளரும் புல், அதற்கு நடுவே நூற்றுக்கணக்கான பூச்செடிகள். 1837-இல் ஜான் டியர் இல்லினாயில் எஃகுக் கலப்பை செய்தார். அதுவரை கலப்பையில் ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடித்த அந்தப் புல்வெளி மண், அதன்பின் வழிவிட்டது. அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் பிரெய்ரி அநேகமாக முழுவதும் உழவுக்குள் போனது. இன்று மிஞ்சியிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இங்குள்ள மண் நம் கரிசல்போலக் கறுப்பாக இருக்கும். அந்தக் கறுப்பு, ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் புல்வேர்கள் மண்ணுக்குள்ளேயே மட்கிச் சேர்ந்தது. இன்று மக்காச்சோளமும் சோயாவும் அந்தச் சேமிப்பில்தான் விளைகின்றன.

மிஞ்சியது எங்கே மிஞ்சியது என்று பாருங்கள். பழைய கல்லறைத் தோட்டங்கள், ரயில் பாதை ஓரங்கள், சாலை ஓரங்கள். 1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி இந்தப் பகுதியை மைலுக்கு மைல் சதுரமாக அளந்தார்கள். சாலைகள் அந்தச் சதுரக் கோடுகளின் மேலேயே அமைந்தன. கிராமப்புறச் சாலைக்கு வழக்கமாக ஒதுக்கிய அகலம் 66 அடி. நில அளவையாளரின் ஒரு சங்கிலி நீளம். நடுவில் வண்டி போகும் தடம் இருபதிலிருந்து முப்பது அடி போக, இரண்டு பக்கமும் ஒரு துண்டு நிலம் கலப்பை படாமல் தப்பியது. ரயில் பாதையும் சாலையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இடங்களில் நடுவில் சிக்கிய நிலம் இன்னும் நன்றாகத் தப்பியது. நீராவி எஞ்சின் பொறி பட்டு அவ்வப்போது எரிந்ததும் அதற்கு உதவியது. ஆக, நாம் காரில் கடந்துபோகும் பள்ளத்தில்தான் சில இடங்களில் இந்த மாநிலத்தின் கடைசிப் பூர்வீகப் புல்வெளி நிற்கிறது. அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏடா ஹேடன் என்ற தாவரவியலாளர் 1940-களில் இப்படி மிஞ்சிய துண்டுகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தார். ஹோவர்டு கவுண்டியில் 240 ஏக்கர் பிரெய்ரி இன்று அவர் பெயரில் இருக்கிறது. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஜூன் மாதத்தில் ஒருமுறை அங்கே போய் நின்றுவிட்டு வாருங்கள்.

வேலை என்ற வடிவத்தில் இது வந்தது 1980-களில். அதற்கு முன் சாலையோரம் முழுக்க ஒரே சீராகக் களைக்கொல்லி அடிப்பதும், பார்த்த இடமெல்லாம் வெட்டுவதும்தான் நடைமுறை. நிலத்தடி நீரில் வேதிப்பொருள் கலப்பது பற்றிய கவலை வலுத்து, 1987-இல் அயோவா நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஒருங்கிணைந்த சாலையோரத் தாவர மேலாண்மைக்குச் சட்டமும், அதற்குப் பணம் தர ஒரு தனி நிதியும் வந்தன. வெட்டுவது, எரிப்பது, விதைப்பது, ஒழிக்க வேண்டிய செடியின் மேல் மட்டும் மருந்து அடிப்பது ஆகிய எல்லாவற்றையும் இடம் பார்த்துக் கலந்து செய்வதுதான் அந்த 'ஒருங்கிணைந்த' என்ற சொல்லின் பொருள். மாநிலத்தின் 99 கவுண்டிகளில் எல்லாவற்றிலும் இதற்கு ஆள் கிடையாது. ஆள் இருக்கும் கவுண்டிகளுக்கு சீடர் ஃபால்ஸ் நகரில், வடக்கு அயோவா பல்கலைக்கழகத்தில் உள்ள டால்கிராஸ் பிரெய்ரி மையம்தான் தாய்வீடு மாதிரி. பயிற்சி, விதை, சந்தேகம் எதுவானாலும் அங்கே கேட்கலாம்.

இனி நாள் முழுக்க என்ன செய்வோம் என்பது. அது மாதத்தைப் பொறுத்தது. ஜனவரி, பிப்ரவரியில் சாலையை நெருங்கி வளர்ந்த மரங்களையும் புதர்களையும் வெட்டுவோம். வெட்டிய அடித்தண்டில் உடனே மருந்து பூசாவிட்டால் ஒன்று பத்தாகத் துளிர்க்கும். மார்ச் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை எரிப்பு. மே, ஜூனில் புதிதாகச் சமன் செய்த சாலைச் சரிவுகளில் விதைப்பு. கோடை முழுக்கக் களை. செப்டம்பர், அக்டோபரில் நல்ல துண்டுகளிலிருந்து விதை சேகரிப்பு. நவம்பரில் மண் குளிர்ந்தபின் மறுபடி விதைப்பு. இடையிடையே மானிய விண்ணப்பம், வரைபடம், புகார் கடிதங்களுக்குப் பதில். மழை நாளில் அலுவலகம், வெயில் நாளில் வெளியே என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பரில் விதைப்பதா என்று ஆச்சரியமாக இருக்கலாம். நம் ஊரில் மானாவாரி நிலத்தில் மழையை நம்பி முன்கூட்டியே செய்யும் புழுதி விதைப்பு மாதிரிதான் இது. நாம் மழைக்குக் காத்திருக்க வைக்கிறோம். இங்கே பனிக்குக் காத்திருக்க வைக்கிறார்கள். பிரெய்ரிப் பூச்செடிகள் பலவற்றின் விதை, ஈரத்தோடு கூடிய குளிரைச் சில வாரங்கள் அனுபவித்தால்தான் உறக்கம் கலையும். மண் உறைந்து உருகும்போது ஏற்படும் வெடிப்புகளில் விதை தானாக இறங்கிக்கொள்ளும். புற்களுக்கு மட்டும் என்றால் வசந்தகால விதைப்பே நல்லது. விதை வாங்கும்போது மூட்டையின் எடையைப் பார்த்து ஏமாறாதீர்கள். புறத்தூய்மையையும் முளைப்புத்திறனையும் பெருக்கி வருவதுதான் உண்மையான எடை. 80 சதவீதத் தூய்மையும் 75 சதவீத முளைப்பும் உள்ள 100 பவுண்டு மூட்டையில் உயிருள்ள விதை 60 பவுண்டுதான். சதுர அடிக்கு 40 விதைக்குக் குறையாமல், செங்குத்தான சரிவில் அதைவிடக் கூடுதலாகப் போடுகிறோம். மண்ணைப் பிடித்து நிறுத்த வசந்தத்தில் ஓட்ஸ், இலையுதிர் காலத்தில் குளிர்காலக் கோதுமை துணைப்பயிராகச் சேரும்.

விதைத்தபின் பொறுமைதான் பெரிய வேலை. "முதல் வருடம் தூங்கும், இரண்டாம் வருடம் தவழும், மூன்றாம் வருடம் தாவும்" என்று இங்கே தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். முதல் வருடம் கண்ணுக்குத் தெரிவது களை மட்டுமே. நாம் விதைத்த செடி விரல் நீளத்துக்கு நின்றுகொண்டு, சேர்த்ததையெல்லாம் வேருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த வருடம் களை முழங்கால் உயரம் வரும்போதெல்லாம் அரை அடிக்குக் குறையாமல் விட்டு மேலே வெட்டிக்கொடுத்தால் நாற்றுக்கு வெளிச்சம் கிடைக்கும். இதைப் பார்த்துவிட்டு, கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வைக் குழுவின் உறுப்பினர் ஒருவர் என்னிடம், "போன வருடம் காசு கொடுத்து விதைத்தது இந்தக் களையைத்தானா?" என்று கேட்டார். அவரைக் கூட்டிப்போய், மண்டியிட வைத்து, களைக்குள் விரலை விட்டு பிக் புளூஸ்டெம் என்ற பிரெய்ரிப் புல்லின் நாற்று ஒன்றைக் காட்டினேன். அடிப்பகுதியில் லேசான ரோமமும் சிவப்பும் இருந்தன. மூன்றாம் வருடம் அதே இடத்தில் அவர் தானாகவே காரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

இந்த பிக் புளூஸ்டெம் தூரத்து அந்நியன் இல்லை. கரும்பு, சோளம், வெட்டிவேர் எல்லாம் இதே குலத்துப் புற்கள். வெட்டிவேர் ஏன் வரப்பைப் பிடித்து நிற்கிறது என்று தெரிந்தவருக்கு இதன் வேர் ஏழெட்டு அடி இறங்குவது வியப்பாக இருக்காது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஜான் வீவர் என்பவர் குழி வெட்டிக் குழி வெட்டி இந்த வேர்களையெல்லாம் அளந்து வரைந்து வைத்திருக்கிறார். சாலைக்கு இதனால் என்ன லாபம் என்று பொறியாளர் கேட்பார். மழைநீர் ஓடாமல் இறங்கும், சரிவு அரிக்காது, பள்ளத்தில் வண்டல் சேருவது குறையும். குளிர்காலத்தில் நின்றபடி காய்ந்த உயரப் புல், பனி சாலைக்கு வருமுன் தடுத்துப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்குப் பூச்செடி முக்கியமாக இருக்கலாம். பொறியாளரிடம் அரிப்பிலிருந்தும் பனியிலிருந்தும் பேச்சைத் தொடங்குங்கள்.

எரிப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தாவரவியல் படித்தது கண்ணெதிரே வேலை செய்யும் இடம் அது. சாலையோரங்களில் எங்கும் பரவியிருப்பது ஸ்மூத் புரோம் என்ற யூரேசியப் புல். 1880-களில் இந்த நாட்டுக்குத் தீவனமாக வந்து, பிறகு சாலைச் சரிவுகளிலெல்லாம் விதைக்கப்பட்டது. அது குளிர்பருவப் புல். ஏப்ரல் தொடக்கத்திலேயே பச்சைபிடித்து, ஜூலை வெயிலில் சோர்ந்துவிடும். பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ் போன்ற பிரெய்ரிப் புற்கள் வெம்பருவத்தவை. மே மாதம்தான் கண் விழிக்கும். ஆகவே ஏப்ரல் கடைசியில் தீ வைத்தால், சேமிப்பையெல்லாம் செலவழித்துத் தளிர்விட்ட புரோம் அடிபடும், மண்ணுக்குள் தூங்கும் புளூஸ்டெம் தப்பும், கறுத்த தரை சூடேறி அதைச் சீக்கிரம் எழுப்பும். மூன்று வாரம் முன்னால் எரித்தால் புரோமுக்கு அது உரம் போட்டதுபோல ஆகிவிடும். ஒரே தீ, ஒரே இடம், தேதி மட்டும் வேறு. அயோவே, மெஸ்குவாகி போன்ற பழங்குடி மக்கள் இந்த நிலத்தைத் திட்டமிட்டே எரித்துவந்தார்கள். அவர்கள் கைவிட நேர்ந்தபின் மரங்களும் புதர்களும் ஏறின. நாங்கள் செய்வது அந்தப் பழைய வேலையின் ஒரு சிறு துண்டு.

ஆனால் சாலையோரத்தில் தீ என்பது காட்டில் தீ வைப்பதைவிட ஒரு விதத்தில் கடினம். புகை சாலையை மூடினால் ஆள் சாகும். காற்று சாலையிலிருந்து விலகி வீச வேண்டும், அந்தப் பக்கம் வீடோ கோழிப்பண்ணையோ இருக்கக்கூடாது, ஈரப்பதம் மிகக் குறையக்கூடாது. காற்று போகும் திசையின் கடைசி ஓரத்தில் முதலில் எதிர்த்தீ வைத்துக் கறுப்புத் தரை உண்டாக்கிவிட்டு, பிறகுதான் மற்ற பக்கங்களுக்குப் போக வேண்டும். ஷெரீஃப் அலுவலகத்துக்கும் அண்டை வீட்டாருக்கும் முன்கூட்டித் தகவல் போக வேண்டும். ஆட்களைத் திரட்டி, உடை மாட்டி, தண்ணீர் வண்டி நிரப்பி, கடைசியில் காற்று பத்து டிகிரி மாறியதால் திரும்பி வந்த நாட்கள் எனக்கு எரித்த நாட்களுக்குச் சமமாக இருக்கும். திரும்பி வரத் தயங்கும் ஒருவரோடு நான் தீ வேலைக்குப் போகமாட்டேன். நல்ல துண்டை ஒரே வருடத்தில் முழுவதும் எரிக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த தண்டுக்குள்ளும் சருகுக்குள்ளும் பூச்சிகள் குளிர்காலம் கழிக்கின்றன. பாதியை விட்டுவைத்தால் அடுத்த பாதிக்கு அவை திரும்பிவர முடியும்.

களை வேலையில் என் முதல் கோடையில் நடந்த தவறைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதைச் செய்யாமல் இருக்க. கனடா திஸில் இங்கே சட்டப்படி ஒழிக்க வேண்டிய களை. பெயர்தான் கனடா, வந்தது ஐரோப்பாவிலிருந்து. கிடைவேரால் படர்ந்து அடுத்த வயலுக்குள் போய்விடும், விவசாயிகள் கோபப்படுவது நியாயம். ஊதாப்பூ, முள் இலை. பார்த்தவுடன் மருந்துத் தெளிப்பானை எடுத்தேன். நாற்பது ஐம்பது செடிகள் இருக்கும். அடுத்த வாரம் வாடிக் கிடந்த செடியை எடுத்து இலையைத் திருப்பினேன். அடிப்பக்கம் வெள்ளைவெளேர் என்று கம்பளிபோல இருந்தது. கனடா திஸிலின் இலை பெரும்பாலும் அடியிலும் பச்சை. நான் கொன்றது இந்த மண்ணிலேயே பிறந்த வேறொரு திஸில். யாருக்கும் தொந்தரவு தராதது. கோல்ட்ஃபின்ச் குருவிகள் அதன் விதையைத் தின்று, அதன் பஞ்சால் கூடு கட்டும். கிடைவேர் ஓட்டமே அதற்குக் கிடையாது. அந்த இடம் திரும்பத் தேற நான்கு வருடம் ஆயிற்று. அன்றிலிருந்து இலையைத் திருப்பிப் பார்க்காமல் நான் மருந்து தொடுவதில்லை, என்னிடம் கோடைக்கு வரும் மாணவர்களுக்கும் முதல் நாள் பாடம் அதுதான்.

வைல்ட் பார்ஸ்னிப்பையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். கேரட் குடும்பம், தட்டையான மஞ்சள் பூக்குடை. அதன் சாறு தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் கொப்புளம் வெந்ததுபோல எழும்பும். தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். என் முன்கையில் இரண்டு முறை வந்திருக்கிறது. முழுக்கைச் சட்டை இல்லாமல் ஜூன் மாதத்தில் பள்ளத்தில் இறங்காதீர்கள். இன்னொன்று, விதையோடு வரும் ஆபத்து. 2016-இல் அயோவாவில் பல கவுண்டிகளில், பாதுகாப்புத் திட்டங்களுக்காக வாங்கிய பூர்வீக விதைக் கலவையோடு பால்மர் அமராந்த் வந்து இறங்கியது. நம் தண்டுக்கீரையின் உறவு, ஆனால் பல களைக்கொல்லிகளுக்கு அசையாதது. ஒரு பெண் செடி லட்சக்கணக்கில் விதை போடும். நல்லது செய்யப் போய் விவசாயிக்குப் பகை கொண்டுவந்த அந்தச் சம்பவத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை. விதைப் பையின் சோதனைச் சான்றைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மனிதர்களோடு பேசுவதுதான் பலருக்குக் கடினமாக இருக்கிறது. சாலையோரப் பள்ளம் கவுண்டியின் பொறுப்பு. ஆனால் எதிரில் வயல் வைத்திருப்பவருக்கு அது தன் வீட்டு வாசல். வெட்டி மழித்து வைத்திருப்பதுதான் நல்ல விவசாயிக்கு அழகு என்று தாத்தா காலத்திலிருந்து பழகியவர். மாநிலச் சட்டப்படி, ஜூலை 15-க்கு முன் சாலையோரத்தை வெட்டக்கூடாது. நிலத்தில் கூடு கட்டும் ஃபெசன்ட் முதலிய பறவைகள் குஞ்சு பொரித்து முடிக்கட்டும் என்பதற்காக. வீடுகளுக்கு அருகே, நகர எல்லைக்கு அருகே, பார்வை மறைக்கும் முனைகளில், ஒழிக்க வேண்டிய களைக்கு விலக்கு உண்டு. இந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பேசினால் காரியம் கெடும். நான் சாலை விளிம்பை ஒட்டி, வெட்டும் இயந்திரத்தின் ஒரு அகலத்துக்கு மட்டும் சுத்தமாக வெட்டிக் கொடுத்துவிட்டு, உள்ளே இருப்பதை விட்டுவைக்கக் கேட்கிறேன். ஓரம் நேராக இருந்தால் உள்ளே இருப்பது வேண்டுமென்றே விட்டது என்று கண்ணுக்குத் தெரிகிறது. முக்கால்வாசிப் பேர் ஒத்துக்கொள்கிறார்கள். மருந்துக் காற்று திராட்சைத் தோட்டத்துக்கோ தேன்பெட்டிகளுக்கோ இயற்கை விவசாயம் செய்பவருக்கோ போய்விடாமல் பார்ப்பதும் இதே உறவின் பகுதி.

சொந்தத் துறைக்குள்ளும் பேச வேண்டியிருக்கும். ஒரு கப்பிச் சாலையில் பள்ளத்தைத் தூர்வாரி, வயல் பக்கம் இருக்கும் எதிர்ச்சரிவை வெட்டித் திருத்த வேலை குறித்திருந்தார்கள். இயந்திரம் வருவதற்கு மூன்று வாரம் முன் நடந்து பார்த்தபோது அந்தச் சரிவில் லெட்பிளான்ட் என்ற பிரெய்ரிச் செடி நின்றது, சற்றுத் தள்ளி காம்பஸ் பிளான்ட் என்ற திசைகாட்டிச் செடிகள், வடக்கு தெற்காக இலையைத் திருப்பிக்கொண்டு. இவை இரண்டும் சேர்ந்து நின்றால் அந்த மண் உழப்படாதது என்று நான் எடுத்துக்கொள்வேன். கொடி நட்டு, பொறியாளரைக் கூட்டிவந்தேன். பள்ளத்தின் அடியையும் சாலைப் பக்கச் சரிவையும் மட்டும் வெட்டினாலே நீர் ஓடும் என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். எதிர்ச்சரிவு அப்படியே நின்றது. ஒரு காம்பஸ் பிளான்ட் பூக்கவே பல வருடம் எடுக்கும். அதன் வயது அந்தச் சாலையின் வயதைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

உறுதியாகத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும், நேர்முகத் தேர்விலும் அது உதவும். ஆழமான வேர் மண்ணைப் பிடிக்கும், பல வகைச் செடி உள்ள ஓரத்தில் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் கூடும், விதைத்து உருவாக்கிய புல்வெளி உழப்படாத பழைய துண்டின் வகை எண்ணிக்கையை எட்டுவதில்லை: இவற்றில் எனக்குச் சந்தேகமில்லை. அதனால்தான் புதிதாக நூறு ஏக்கர் விதைப்பதைவிட ஒரு ஏக்கர் பழையதைக் காப்பது எனக்கு முதல். மொனார்க் வண்ணத்துப்பூச்சி விஷயம் அவ்வளவு தெளிவில்லை. அதன் புழு தின்பது மில்க்வீட் மட்டுமே. நம் எருக்கின் உறவு அது, உடைத்தால் அதே பால். 2016-இல் மினசோட்டாவிலிருந்து டெக்சஸ் வரை ஆறு மாநிலங்கள் ஐ-35 நெடுஞ்சாலை வழியே மொனார்க்குக்கு வாழிடம் வளர்க்க ஒப்பந்தம் போட்டன. ஆனால் பூச்சியைச் சாலைக்கு இழுத்து வண்டியில் அடிபட வைக்கிறோமா என்ற கேள்விக்குத் துறையில் ஒருமித்த பதில் இல்லை. பனியுருக்கும் உப்பினால் சாலையோர மில்க்வீட்டில் சோடியம் கூடி, அது புழுவின் தசை, நரம்பு வளர்ச்சியையே மாற்றுகிறது என்று 2014-இல் மினசோட்டா ஆய்வாளர்கள் காட்டினார்கள். நான் எடுத்திருக்கும் நிலை: வண்டி குறைந்த கப்பிச் சாலைகளில் மில்க்வீட்டை வளர விடுகிறேன், நெடுஞ்சாலையின் விளிம்பை ஒட்டி அதை விதைப்பதில்லை. நாளை வேறு ஆய்வு வந்தால் மாற்றிக்கொள்வேன்.

விதை எவ்வளவு உள்ளூரதாக இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். 1990-இல் தொடங்கிய அயோவா இகோடைப் (உள்ளூர்ச் சூழலுக்குப் பழகிய வகை) திட்டம், மாநிலத்துக்குள்ளேயே பழைய துண்டுகளிலிருந்து விதை எடுத்துப் பெருக்கி, மூலம் தெரிந்த விதையாக மஞ்சள் சீட்டோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. அதைத்தான் நான் வாங்குகிறேன். இருந்தாலும் வானிலை மாறிவரும் காலத்தில் சற்றுத் தெற்கிலிருந்தும் கொஞ்சம் விதை கலக்க வேண்டும் என்று வாதிடும் நல்ல விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அவர்கள் தவறு என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை.

உங்கள் படிப்போடு என்ன சேர்க்க வேண்டும்? களைக்கொல்லி தெளிப்பாளர் உரிமம், காட்டுத்தீ அடிப்படைப் பயிற்சி, சங்கிலி ரம்பப் பயிற்சி, சில கவுண்டிகளில் கனரக வாகன ஓட்டுநர் உரிமம். பெரும்பாலும் வேலைக்குச் சேர்ந்தபின் வாங்கிக்கொள்ள அனுமதிப்பார்கள். கணினி வரைபட மென்பொருள் தெரிந்தால் பெரிய பலம். சம்பளத்தை மென்பொருள் துறையோடு ஒப்பிட்டால் மனம் நொந்துபோகும், ஒப்பிடாதீர்கள். நிலையான அரசு வேலை, குடும்பம் நடத்தலாம். விசா பற்றி நான் வழிசொல்லத் தகுந்தவன் இல்லை. நான் வந்த பாதை வேறு. கவுண்டியின் மனிதவள அலுவலகத்தை முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள், ஒரு குடிவரவு வழக்கறிஞரையும் பாருங்கள். இந்த அனுபவம் இங்கேயே முடிந்துவிடாது. விதை நிறுவனங்கள், நீல் ஸ்மித் வனவிலங்குப் புகலிடம் போன்ற மீளுருவாக்க இடங்கள், வயலுக்குள்ளேயே பிரெய்ரிப் பட்டைகள் அமைக்கும் திட்டங்கள் எல்லாவற்றிலும் இதே கைத்திறன் கேட்கிறார்கள். நம் ஊருக்குத் திரும்பினால் நீலகிரியில் சீகை மரம் மூடிய சோலைப் புல்வெளிகள் இருக்கின்றன. புல்வெளியை வெற்றிடம் என்று நினைத்த தவறு இரண்டு ஊரிலும் ஒன்றே.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்வதைவிட, ஜூலையில் காம்பஸ் பிளான்ட் பூத்திருக்கும் ஒரு சரிவில் நின்று வீடியோ அழைப்பு போடுங்கள். விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருந்தால், உங்கள் ஊர்ப் பக்கத்துக் கப்பிச் சாலையில் ஒரு மைல் நடந்து, பூக்காத நிலையிலேயே பத்துச் செடிகளை இலையைக்கொண்டு அடையாளம் சொல்லப் பழகுங்கள். பிக் புளூஸ்டெம், இந்தியன் கிராஸ், ஸ்விட்ச்கிராஸ், ஸ்மூத் புரோம் இந்த நான்கையும் இலைநாக்கை, அதாவது இலை தண்டோடு சேரும் இடத்தில் இருக்கும் சிறு விளிம்பை, பார்த்துப் பிரிக்கத் தெரிந்தால் போதும், தேர்வுக் குழுவில் இருக்கும் களப்பணியாளர் அதைத்தான் முதலில் கேட்பார். நான் குழுவில் உட்காரும்போது ஒரு காகிதப் பையில் நான்கு புல் கொண்டுபோய் மேசைமேல் வைக்கிறேன்.